போகிறேன் என்று எழுதியதன் விளைவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்கு நீ பதில் போடாததால் நம்ப மட்டுமே முடிகிறது. நான் நலம். என் வாசல் கதவுதான் நலமாக இல்லை.

வேறு யாராவது உன் காதில் போடுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வேலைகளை முடித்துவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினேன். அங்கே செல்போனை அணைத்து வைக்கச் சொல்லிப் பலகை தொங்குகிறது. அதை மதிப்பவள் நான் ஒருத்திதான். அதனால் மகனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பினேன்: “எல்லாம் முடிந்தது. போகிறேன். என்னைத் தேட வேண்டாம்.” மூன்று வாக்கியங்கள், மூன்றும் உண்மை, ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. சொல்ல வந்ததைச் சொல், சொன்னதும் நிறுத்து என்று கான்வென்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதினேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால், கதவு கழன்று மாடிப்படியில் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் அதைக் கழற்றிய தச்சர் என் டம்ளரில் டீ குடிக்கிறார், மருமகள் என் கட்டிலில் விழுந்து அழுகிறாள், மகன் என் பீரோவைத் திறந்து தேடுகிறான், நான் அதற்குள் எப்படி இருப்பேன் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

“எங்கம்மா போனீங்க?”

“லைப்ரரிக்கு. அதான் போறேன்னு எழுதினேனே.”

“போறேன்னு யாராவது எழுதுவாங்களா? போயிட்டு வரேன்னுல்ல எழுதணும்!”

“வராம எங்கடா போவேன்? அதைத் தனியா வேற சொல்லணுமா?”

இதைக் கேட்டு மருமகள் இன்னும் பெரிதாக அழுதாள். தச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பெரியம்மா, என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போறப்பகூட ‘வரேன்’னுதான் சொல்லிட்டுப் போவா” என்றார். அவரிடம் யார் கேட்டது?

இதோடு போகவில்லை. இனி நான் தனியாக இருக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை மகன் வண்டியோடு வந்து என்னைத் தன் வீட்டுப் பின்னறைக்கு, வாஷிங் மெஷினுக்கு எதிரே, கொண்டுபோகப் போகிறானாம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. பேச்சு என்பது விஷயத்தைச் சொல்லவா, இல்லை, கேட்பவரைத் தடவிக்கொடுக்கவா? உன் அத்தான் இருந்தவரை நான் சொன்னதற்கு வேறு அர்த்தம் தேடியதே இல்லை. பாதியை அவர் காதிலேயே வாங்கவில்லை என்பது வேறு விஷயம். உன் அக்கா சொல்வது எதுவோ அதுதான் அர்த்தம், அவளை அவள் வீட்டிலேயே விட்டுவிடு என்று நீ அவனிடம் பேச வேண்டும்.

உன் குடும்பத்துக்குக் கடவுள் நல்ல சுகத்தையும், உனக்குப் பதில் எழுதும் புத்தியையும் தரட்டும்.

உன் அக்கா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மகன் போன் செய்தான். “சரிம்மா, நீங்க அங்கேயே இருங்க” என்றான், வைத்துவிட்டான். நான் கேட்டதும் அதுதான். ஆனால் அதெப்படி உடனே ‘சரி’? இன்னொரு தடவை கூப்பிட்டால் வாய் வலிக்குமா? கோபமா, சலிப்பா, பக்கத்தில் நின்று மருமகள் கண்ணைக் காட்டினாளா? மேலே எழுதியதையெல்லாம் விடு. அந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் நைசாகக் கேட்டுச் சொல். நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.