பூரணத்தின் சுத்தாமிர்தம்

ஒரு காட்டில், நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன் காதில் விழுகிற தூரத்தில், பூரணம் என்ற கீரி குடித்தனம் நடத்தி வந்தாள். பாம்பென்றால் அவளுக்குப் பயம் கிடையாது. நல்லபாம்போ விரியனோ, எதிரே வந்தால் வாலைச் சிலிர்த்துக்கொண்டு நேராக இறங்கிவிடுவாள். அவள் பயந்தது பக்கத்து வளை ரங்கம்மாவின் மூக்குக்கு மட்டும்தான்.

ரங்கம்மா முள்ளம்பன்றி. வயதில் மூத்தவள், அடிக்கடி வந்து போகிறவள். ஒருநாள் வாசலில் நின்றபடியே மூக்கைச் சுளித்தாள்.

"ஏன் பூரணம், வீட்டுக்குள்ள கீரி வாடை அடிக்குதே?"

கீரி வீட்டில் கீரி வாடை அடிக்காமல் தாழம்பூ வாசமா அடிக்கும் என்று பூரணம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகம் சிறுத்துப்போய் உள்ளே வந்தவள், மறுநாள் பொழுது விடிந்ததும் தண்டபாணி கடைக்கு ஓடினாள்.

தண்டபாணி நரி. கருவேல மரத்தடியில் கடை போட்டிருந்தான். நெடுஞ்சாலைப் பக்கம் போய்ச் சரக்கு எடுத்து வருவான். கடை வாசலில் ஒரு மைனா மைக் பிடித்து, "கண்ணுக்குத் தெரியாத கிருமி உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில! கண்ணுக்குத் தெரியாதுங்கறதுதான் அதுக்கு அத்தாட்சி!" என்று கத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுத் தலை தெறிக்க ஓடி வந்த மிருகங்களின் வரிசை ஓடைக்கரை வரைக்கும் நீளும்.

"தங்கச்சி, உன் பிரச்சினை எனக்குப் புரியுது" என்றான் தண்டபாணி, பூரணம் வாயைத் திறப்பதற்கு முன்பே. தரைக்குப் பச்சை நிறத்தில் ஒன்று, காற்றில் அடிக்க மல்லிகை வாசத்தில் ஒன்று, துணிமணிக்கு அந்துருண்டை, கொசுவுக்குச் சுருள், கழிப்பறைக்கு ஆசிட் என்று அவள் கை கொள்ளாமல் அடுக்கிவிட்டான்.

அன்று மாலை பூரணத்தின் வளை கல்யாண மண்டபம் போல மணத்தது. வழி தவறி வந்த சாரைப்பாம்பு ஒன்று வாசலிலேயே தும்மிவிட்டுத் திரும்பிப் போனது. "வீடு தேடி வந்த சாப்பாடு போச்சே" என்று புலம்பினான் அவள் புருஷன் சபாபதி. ஆனால் ரங்கம்மா உள்ளே வந்து, மூச்சை நன்றாக இழுத்து, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பூரணத்துக்கு வேறென்ன வேண்டும்?

சில நாளில் அவர்களுடைய குட்டி பவுனு இருமத் தொடங்கினாள். முதலில் லேசாகத்தான். பிறகு மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ புல்லாங்குழல் பழகுவது போல ஒரு சத்தம். கிருமிதான் காரணம் என்று பூரணம் முடிவு கட்டினாள். தரையை இன்னொரு தடவை பச்சைத் தண்ணீரால் துடைத்தாள். மல்லிகையைப் பவுனுவின் தொட்டிலைச் சுற்றியும் அடித்தாள். அந்தப் புல்லாங்குழல் நிற்கவில்லை. பூரணம் கடைக்குப் போனாள். தண்டபாணி இன்னும் வீரியமான சரக்கைக் கொடுத்தான்.

ஒருநாள் மத்தியானம் பவுனுவுக்கு உதடு கறுத்துவிட்டது. குட்டி கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். பூரணம் பதறிப்போய்க் கடைக்கு ஓடினாள். கடை சாத்தியிருந்தது. சரி, வீட்டிலாவது ஒரு பாட்டில் வைத்திருப்பான் என்று ஓடையைத் தாண்டி நரியின் குகைக்கே ஓடினாள்.

குகைக்கு முன்னும் பின்னும் வாசல். இரண்டும் திறந்து கிடந்தன. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. தண்டபாணியின் பெண்டாட்டி கோமளம் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் வெறும் தண்ணீர். குட்டிகள் கொழுகொழுவென்று புரண்டு விளையாடின. குகையில் நரி வாடை அடித்தது. வேறு எந்த வாசமும் இல்லை.

"அண்ணி, அவசரம். அந்த மல்லிகை ஸ்பிரே ஒண்ணு குடுங்க."

"அதெல்லாம் இங்க ஏது? அந்தக் கண்றாவியை அவரு வாசப்படி தாண்ட விடமாட்டாரு. கடையிலேர்ந்து வந்தா ஓடையில முங்கிக் குளிச்சிட்டுத்தான் உள்ளயே வருவாரு. குட்டிங்க இருக்கிற வீடுல்ல?"

பூரணம் புரண்டு விளையாடும் அந்தக் குட்டிகளைப் பார்த்தாள். "எங்க வீட்லயும் குட்டி இருக்கு அண்ணி."

கோமளம் துணியைப் பிழிந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "இங்க நின்னுக்கிட்டு இருக்காதே. குட்டியை வெளியில தூக்கிட்டுப் போய்க் காத்தாட வை. போ."

பூரணம் போன வேகத்தை எந்தப் பாம்பும் பார்த்ததில்லை. பவுனுவைத் தூக்கி ஓடைக்கரையில் சபாபதியின் மடியில் போட்டாள். திரும்பி வந்து வளையிலிருந்த பாட்டில், டப்பா, சுருள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடையில் கொட்டப் போனாள். மீன்கள் கூட்டமாக மேலே வந்து, "தாயே, நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க" என்று கும்பிட்டன. சரியென்று எல்லாவற்றையும் மூடி இறுக்கி, யாரும் போகாத பாறை இடுக்கில் வைத்துக் கல்லை அடைத்தாள். வளையின் பின்பக்கத்தில் இன்னொரு வாசல் தோண்டினாள். வெறும் தண்ணீரில் துணியை நனைத்து மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். கொசுவுக்கு, தேங்காய் நாரில் பின்னிய வலையைத் தொட்டிலின் மேல் கட்டினாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பவுனுவின் நெஞ்சு அமைதியானது. ஒரு காலையில் குட்டி எழுந்து அப்பாவின் வாலைக் கடித்தாள். சபாபதி வலியில் கத்த, பூரணம் ஓரமாக உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. ஆனால் ரங்கம்மா இருக்கிறாளே! ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று யாரோ சொல்ல, அவள் கலந்துவிட்டாள். புகை கிளம்பியது. ரங்கம்மா தன் கழிப்பறையிலேயே மயங்கி விழுந்தாள். பூரணம்தான் உள்ளே புகுந்து, முள் குத்தக் குத்த அவளை வெளியே இழுத்துப் போட்டாள். அந்தப் புகை மண் சுவரின் விரிசல் வழியாகப் பவுனுவின் தொட்டிலுக்கும் வந்தது. புல்லாங்குழல் மறுபடியும் கேட்டது.

தன் வீட்டை மட்டும் திறந்து வைத்துப் பயனில்லை என்று பூரணத்துக்குப் புரிந்தது. வீடு வீடாகப் போனாள். "வாசலைத் திறந்து வைங்க. தண்ணியில துடைங்க. வாசனை அடிக்காதீங்க. ஒண்ணோட ஒண்ணைக் கலக்கவே கலக்காதீங்க" என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்த ரங்கம்மாவே கேட்கவில்லை.

"காத்து நல்லதுங்கறியே, அது எந்தக் கம்பெனி தயாரிப்பு?"

"கம்பெனி இல்லக்கா. சும்மா கெடைக்குது."

"அதான் பாத்தேன். சும்மா கெடைக்கிறதுல என்ன இருக்கப் போவுது?"

பூரணம் வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தாள். பிறகு நெடுஞ்சாலையோரம் கிடந்த காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக் கழுவி, ஓடையில் தண்ணீர் பிடித்தாள். வாழைநாரில் இலையைக் கட்டி, அதில் 'சுத்தாமிர்தம்' என்று எழுதினாள். கீழே பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் எழுதினாள்: 'ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விடவும். வீட்டின் எல்லா வாசலும் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரே, சுருள், அந்துருண்டை இருக்கும் இடத்தில் இதன் வீரியம் போய்விடும். ஆசிட்டின் நிழல் பட்டாலே கெட்டுவிடும். சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்கும் வீடுகளில் வேலை செய்யாது.' விலை, தண்டபாணியின் சரக்கைப் போல இரண்டு மடங்கு.

ரங்கம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது எங்கேர்ந்து வருது?"

"மலை மேலேர்ந்துக்கா" என்றாள் பூரணம். ஓடை அங்கிருந்துதான் வருகிறது, அதில் பொய்யில்லை.

"இவ்வளவு விலையா? இவ்வளவு கண்டிஷனா?" ரங்கம்மாவின் முள்ளெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றது. "அப்ப நல்ல சரக்குதான். ரெண்டு குடு." ஒரு முழுத் தேன்கூட்டைக் கொடுத்து வாங்கிப் போனாள்.

அதன்பிறகு காடே வாங்கியது. சுத்தாமிர்தத்தின் வீரியம் போய்விடக் கூடாதே என்று எல்லா வீட்டிலும் வாசல்கள் திறந்தன. ஸ்பிரேக்கள் வெளியேறின. மானுக்குக் கண்ணெரிச்சல் நின்றது. குரங்குக்கு வருஷக்கணக்காக இருந்த தலைவலி போனது. பிடரிக்குச் சாயமும் சென்ட்டும் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்த சிங்கராஜாவுக்கு வாயைத் திறந்தால் காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரிதான் சத்தம் வரும். அவரும் சாயத்தை விட்டுவிட்டு ஒரு பாட்டில் வாங்கினார். அவருக்குக் கர்ஜனை திரும்பிவிட்டது.

ராஜா மனம் குளிர்ந்து சபை கூட்டினார். பூரணத்துக்கு மாலை போட்டார்கள். பவுனு முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருடைய வாலையும் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லம்மா, அந்தப் பாட்டில்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார் ராஜா.

பூரணத்துக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசோடு யாரும் சபையில் பேசக் கூடாது. "தண்ணிதான் ராஜா. நம்ம ஓடைத் தண்ணி. குணமாக்கினது நீங்க திறந்து வச்ச வாசலும், தூக்கிப் போட்ட விஷமும்தான்" என்று சொல்லிவிட்டாள்.

ரங்கம்மா விருட்டென்று எழுந்தாள்.

"தண்ணியா? வெறும் தண்ணிக்கா எங்கிட்ட தேன்கூடு வாங்கினே?"

"அக்கா, அந்தப் புகையில வந்த இருமல் போச்சா இல்லையா?"

"போச்சு. அதுக்காக ஏமாத்துவியா?"

"ஏமாத்திட்டா!" என்று நாலாபக்கமும் குரல் கிளம்பியது. தண்டபாணி மெல்ல எழுந்து தொண்டையைச் செருமினான். "நானும் வியாபாரம் பண்றவன்தான். என் பாட்டில்ல ஆசிட்னு போட்டிருந்தா உள்ள ஆசிட்தான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருக்கேனா? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

கைதட்டல் அடங்க நேரமானது. "யோக்கியன்யா" என்று குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "விஷம்னாலும் சுத்தமான விஷமாக் குடுத்தான்."

பூரணம் திருப்பிக் கொடுத்த அதே குரலில் ராஜா கர்ஜித்தார்: "காசு வாங்கி வெறும் தண்ணீர் கொடுப்பது மோசடி! இனிமேல் அந்தப் பாட்டிலுக்குள் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். என்ன என்பது உன் இஷ்டம்!" மாலையையும் கழற்றிக்கொண்டார்கள்.

வீடு திரும்பும் வழியில் சபாபதி, "இந்தப் பொழப்பே வேணாம், விட்டுடு" என்றான். ஆனால் ரங்கம்மா போகிற வழியிலேயே தண்டபாணி கடையில் நின்று ஒரு ஆசிட் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்ததைப் பூரணம் கவனித்திருந்தாள். அந்தச் சுவர் விரிசலை நினைத்தாள். இடுப்பிலிருந்த பவுனுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பூரணம் வளை வாசலில் போட்டிருந்த கடையில் புது இலை தொங்கியது: 'சுத்தாமிர்தம். இப்போது கல்லுடன்.'

ஒவ்வொரு பாட்டிலிலும் ஓடையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல் கிடந்தது. ரங்கம்மா ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். கடகடவென்றது.

"ஆங்! இதுல ஏதோ இருக்கு" என்றாள். "நேத்தே இப்படிச் செஞ்சிருந்தா நான் ஏன் சபையில வாயைத் திறக்கப் போறேன்?" விலை ஏறியிருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, கல் சேர்த்தால் ஏறத்தானே செய்யும். அடுத்து வந்த மான், தன் கல்லைவிட ரங்கம்மாவின் கல் பெரிது என்று சண்டை பிடித்தது. சபாபதி வேட்டையை விட்டுவிட்டு ஒரே அளவில் கல் பொறுக்க உட்கார்ந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு தண்டபாணி வந்தான். ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, கல்லைக் கொஞ்சம் பெரிசாப் போட்டா தண்ணிகூடக் கம்மியா ஊத்தலாமே?"

பூரணம் அவனையே பார்த்தாள். "வியாபாரத்துல கூட்டு சேரணுமாண்ணே?"

"கேட்கலாம்னுதான் வந்தேன். நான் அவ்வளவு தூரம் போய், கண்ணெரிய மூக்கெரியச் சரக்கு சுமந்து வர்றேன். நீ குனிஞ்சா கல்லு, நிமிந்தா காசு."

"சேத்துக்கறேன். ஆனா அந்த ஆசிட்டு, ஸ்பிரே, சுருள் எதுவும் இந்தக் காட்டுக்குள்ள வரக் கூடாது."

தண்டபாணி யோசிக்கவே இல்லை. "அது எதுக்கு இனிமே? அதுல என்ன லாபம் நிக்குது!" என்று மைனாவைக் கூப்பிட்டு, கடைப் பலகையைக் கழற்றச் சொன்னான்.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் யாரும் இருமவில்லை.

நீதி: நரிக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. விஷத்தைவிட லாபமான ஒரு கல்லைக் காட்டுங்கள், தானாகவே திருந்திவிடும்.