பூரணி அனுப்பிய போன்

"ஸ்குரூ ஒன்னு மிஞ்சுது," என்றான் சோலைமலை.

"நல்லதுதானே மச்சான், இன்னொரு போன் செய்யலாம்," என்றான் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பொன்னையா.

சோலைமலைக்குச் சிரிப்பு வரவில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவன் மனைவி பூரணிக்கு இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவாள். 'வந்துரு' என்று அவன் சொன்னால் வருவாள். பதில் இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். லயத்தில் குடியிருக்கும் கூலி ஆட்களைத் தோட்டத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டுவிடுவது கிளாக்கருக்குக் கௌரவக் குறைச்சல் என்பதால், புதுப் போன் ஒன்றை ஆள் வசம் அனுப்பியிருந்தாள்.

வந்த அன்றே அதைக் கழற்றிவிட்டான். லயத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. மனைவியோடு பேச ஒரு கோடு போதும். தேயிலை ஃபெக்டரி மோட்டருக்கு எண்ணெய் போடுகிற அவன் மானத்துக்குத்தான் போதவில்லை.

எரிந்த மோட்டரிலிருந்து செம்புக் கம்பி உருவிக் கூரைத் தகரம்வரை இழுத்தான். மூன்று கோடு வந்தது. ஈயம் பற்றவைத்த சூட்டில் பேட்டரி ஊதிப்போனது. டோர்ச் பேட்டரி மூன்றை பிஸ்கட் டின்னில் அடுக்கினான். போன் பிழைத்தது, பட்டன்கள் செத்தன. இனி போன் அடிக்கும்போது இரண்டு கம்பிகளை உரசினால்தான் எடுத்துப் பேசலாம்.

"இது போனா, அடுப்பா?" கூடையோடு நின்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"நீங்க போய்க் கொழுந்து எடுங்கக்கா. இது டெக்னிக்கல்."

"அந்தப் புள்ள ஊரான் வீட்டுக் கக்கூஸ கழுவி வாங்கின போனுய்யா இது!"

"அவளுக்காகத்தானே இம்புட்டும் செய்யிறேன்!"

வெள்ளிக்கிழமை காலை, காதில் வைக்கும் ஸ்பீக்கரும் கருகியது. பொன்னையாதான் வழி சொன்னான்: மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. கோயில் சாவி அவனிடம்தான் இருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோயில் அம்ப்ளிஃபையரில் கம்பியைச் செருகினார்கள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. மலை முழுக்க அடித்தது. கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சோலைமலை கம்பிகளை உரசினான்.

"ஹலோ... ஏங்க?" பூரணியின் குரல் பள்ளத்தைத் தாண்டி, தோட்டத்தின் எதிர் டிவிசனில் போய் மோதியது.

"வந்துரு புள்ள! கையெழுத்துப் போடாத!"

"ஹலோ? ஹலோ?"

"மச்சான், அவளுக்குக் கேக்கல. மைக்கு எங்க?"

"அதுவும் ஸ்பீக்கரோடயே கருகிருச்சு."

சோலைமலை டின்னுக்குள் தலையை விட்டு, "வந்துரு! வந்துரு!" என்று அலறினான். நிறுவையிலிருந்த பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். தராசு பிடித்த கணக்கப்பிள்ளைகூடக் கத்தினார்.

"சத்தமே இல்ல," என்றாள் பூரணி, அங்கே யாரிடமோ. "கையெழுத்தப் போட்டுர வேண்டியதுதான்."

"பாவங்க்கா ஒங்க வீட்டுக்காரரு," என்றது இன்னொரு பெண் குரல். "போன்ல ஏதும் கோளாறா இருக்கும். இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க."

பூரணி சிரித்தது மூன்று டிவிசனுக்கும் கேட்டது.

"வரலன்னு அந்த மனுசன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது சர்மிளா. கையில குடுத்தா அவுத்துப் போட்டுருவாருன்னு தெரிஞ்சுதானே அந்தப் போன வாங்கி அனுப்பினேன்!"