பதினான்கு அடிக்கல் பள்ளிக்கூடம்

உலகத்தின் தலைசிறந்த கல்வி நிலையங்களை வரிசைப்படுத்தும் அறிஞர்கள் அறைகளை எண்ணுகிறார்கள், ஆசிரியர்களை எண்ணுகிறார்கள். அடிக்கற்களை மட்டும் எண்ணத் தவறிவிடுகிறார்கள். எண்ணியிருந்தால் முதலிடம் அந்த ஊர்க்கோடித் தொடக்கப்பள்ளிக்குத்தான் போயிருக்கும். அங்கே அறை ஒன்று. ஆசிரியர் ஒருவர். இரண்டாம் வகுப்பறைக்கு நாட்டப்பட்ட அடிக்கற்கள் பதினான்கு!

அந்த ஒரே ஆசிரியருக்குப் 'பெரிய டீச்சர்' என்று பெயர். சின்ன டீச்சர் பதவி பதினோரு வருடமாகக் காலி.

முதல் அறையை ஊரார் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரசு பள்ளியை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கட்டும் வேலை நின்று நாட்டும் வேலை தொடங்கியது. முன்னவர் நாட்டிய கல்லை வைத்துப் பின்னவர் அறை கட்டினால் பெயர் முன்னவருக்கல்லவா போய்விடும்? ஆகவே பதவிக்கு வந்த ஒவ்வொரு மாண்புமிகுவும் தமக்கென்று தனியாக ஒரு கல் நாட்டினார். செங்கல் மேடை, மேடையில் கருங்கல் பலகை, பலகையில் பெயர், பெயர்மேல் திரை. திரையை விலக்குவார், கைதட்டுவார்கள், கார் கிளம்பிவிடும். ஒன்றாம் வகுப்பு அந்தக் கற்களைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படித்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் 'அம்மா' என்று ஆரம்பித்தபோது இந்த ஊர்ப் பிள்ளைகள் 'மாண்புமிகு' என்று ஆரம்பித்தன.

கற்களை வைத்ததெல்லாம் பெரிய டீச்சரின் தம்பி. கொத்தனார்.

"என் கைராசியைப் பாருக்கா. பதினாலு அடிக்கல் வெச்சிருக்கேன், ஒண்ணு மேலயும் ஒரு செங்கல் ஏறல. வீடு கட்டறவங்க என்னைப் பாத்தாலே தெரு மாறிப் போறாங்க" என்று அவர் புலம்புவார்.

இந்நிலையில் சுற்றறிக்கை வந்தது. ஒரே அறை உள்ள பள்ளிகள் 'அறைக்குறைவுப் பள்ளிகள்' என்று கண்டறியப்பட்டு, மாத இறுதிக்குள் பெரிய பள்ளியோடு 'அன்புடன் இணைக்கப்படும்'. பெரிய பள்ளி எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ் கிடையாது. முப்பத்தொரு பிள்ளைகளில் பாதி படிப்பை விட்டுவிடும், அதிலும் பெண்பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று பெரிய டீச்சருக்குத் தெரியும்.

சுற்றறிக்கையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து கற்களைப் பார்த்தார்.

"தம்பி, அடிக்கல் எதுக்குடா வைக்கிறாங்க?"

"அறை கட்டத்தான்."

"அப்புறம் என்ன? கட்டு."

தம்பி சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினார்.

சனி, ஞாயிறு இரண்டே நாள். பெற்றோர் எல்லோரும் வந்தார்கள். பதினான்கு மேடைகளின் செங்கல் சுவரானது, பதினான்கு பலகைகள் செங்கல்லுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. விழாப் பந்தலுக்கு வந்து திரும்பிப் போக மறந்த தகரம் கூரையானது. வாசலுக்குத் திறப்பு விழாத் திரைச்சீலைகளையே தைத்துத் தொங்கவிட்டார்கள்.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பமானது. பதினோராம் நாள் ஆய்வாளர் வந்தார். எங்கே போனாலும் இடுப்பில் அளவு நாடாவோடு போவதால் ஊரில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். நாடாவை இழுத்து அளந்தார்.

"இருபதுக்குப் பதினாறு. பிரமாதம்மா! ரெண்டாவது அறை இருக்குன்னு எழுதிடறேன்."

பெரிய டீச்சருக்கு உயிர் வந்தது. அதற்குள் டேப்பு சொத்துப் பதிவேட்டைப் புரட்டினார்.

"அடிக்கல் பதினாலு... எங்கம்மா?"

"சுவத்துல இருக்கு சார்."

"சுவத்துலயா? அடிக்கல்லை யாராவது அறை கட்டப் பயன்படுத்துவாங்களாம்மா?"

"அறை கட்டத்தானே சார் வெச்சாங்க?"

"வெச்சது விழாவுக்கும்மா! விதி தெரியுமா உங்களுக்கு? பெயர் பொறிச்ச கல்லைப் பேர்த்தாலும் குற்றம், மறைச்சாலும் குற்றம், ஒரு எழுத்தைச் சுரண்டினாலும் குற்றம்."

"மறைக்கல சார். பேரெல்லாம் உள்பக்கம் நல்லாத் தெரியுது. பிள்ளைங்க தினமும் படிக்குதுங்க."

டேப்பு உள்ளே எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அடப்பாவிகளா! ஒருத்தரைத் தலைகீழா வெச்சிருக்கீங்களே!"

"அவர் அப்படித்தான் சார் பொருந்தினாரு" என்றார் தம்பி.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். பதினான்கு முறை வந்தும் ஒரு செங்கல்லை ஏற்ற முடியாத நிர்வாகம், அறையை ஒரே காலையில் பிரித்துப் போட்டது. அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று குறை சொல்பவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். மதியத்துக்குள் மாண்புமிகுக்கள் அனைவரும் தலை நிமிர்ந்து பழைய இடங்களில் நின்றார்கள். பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று பெரிய டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

பள்ளி மறுபடி 'அறைக்குறைவு' ஆனது. இணைத்தாக வேண்டும். இணைப்பதென்றால் விழா, விழா என்றால் கல்.

"கல்லுல மாண்புமிகு பேருக்குக் கீழ பள்ளி வரலாறு நாலு வரி வேணும்மா. நீங்களே எழுதி, உங்க தம்பிகிட்டயே குடுத்துப் பொறிக்கச் சொல்லுங்க" என்றார் டேப்பு.

"நடந்தது நடந்தபடி எழுதலாமா சார்?"

"வரலாறுன்னா அப்படித்தானேம்மா எழுதணும்? மாண்புமிகு பேர்ல மட்டும் எழுத்துப்பிழை வந்துடக் கூடாது. மேல அதைத்தான் பாப்பாங்க."

விழா நாளன்று மாண்புமிகு திரையை விலக்கினார். தம் பெயரைப் படித்தார். பிழையில்லை. மெய்சிலிர்த்தார். கைதட்டல் அடங்குவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

டேப்பு மட்டும், கல்லை அளக்கக் குனிந்தவர், மீதியையும் படித்துவிட்டார்.

முதல் அறை: ஊரார் கட்டியது.
இரண்டாம் அறை: பெற்றோர் கட்டியது. பன்னிரண்டாம் நாள்வரை இருந்தது.
அதை இடித்தது: அரசு.
பள்ளியை மூடியவர்: மேலே பெயர் உள்ளவர்.

"ஐயையோ! என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களேம்மா! தம்பி, உளியை எடுப்பா, உடனே செதுக்கி எடு!"

தம்பி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய டீச்சர் பள்ளிக் கதவைப் பூட்டி, சாவியை டேப்பு கையில் வைத்தார்.

"எப்படி சார் எடுக்கிறது? பேர்த்தாலும் குற்றம், மறைச்சாலும் குற்றம், ஒரு எழுத்தைச் சுரண்டினாலும் குற்றம். பதிவேட்டுல பதினஞ்சுன்னு ஏத்திக்குங்க."