ஒரு வரி பாக்கி

இந்தப் படத்தை எழுதி முடிக்கவே கூடாது என்று பலூன் தீர்மானித்துவிட்டார்.

பலூன் என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததில்லை. உடம்பு ஒட்டடைக் கம்புதான். சித்திரக் கதைகளில் ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் பலூன் மாதிரி ஒரு வட்டம் இருக்குமே, அதற்குள் வசனம் எழுதி எழுதியே தலை நரைத்தவர். இப்போது கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு கம்பெனியில் வசனகர்த்தா. பூனை, பூதம், ராட்சசன், ராட்சசனின் மாமியார் என்று எல்லார் வாயிலும் வார்த்தை வைத்தவர், சொந்த வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.

எடுக்கிற படமோ லேசுப்பட்டதில்லை. 'எஃகுச் சிறகன்' சித்திரக்கதை வரிசையிலேயே பேர் போன 'கடைசி விடியல்'. அப்பாக்கள் படித்து அழுதார்கள்; அந்தப் புத்தகத்தையே பிள்ளைகளும் படித்து அழுதார்கள். பொய்யே பேசாத மாவீரன் சிறகன் ஊரைக் காப்பாற்றப் போய்த் திரும்பி வராமலே போய்விடுவதுதான் கதை. அதில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் ரசிகர்கள் கம்பெனி வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சிக்கல் இருந்தது ஒரே ஒரு கட்டத்தில். கடைசிச் சண்டைக்குக் கிளம்பும் சிறகன் வாசலில் நின்று, "போகிறேன்" என்கிறான். ஜன்னலோரம் நிற்கிற அவன் மனைவி வாயைத் திறக்கிறாள். அவள் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலூன். அந்தப் பலூன் காலி. வரைந்தவர் வேண்டுமென்றே காலியாக விட்டாரா, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் எழுந்து போனாரா, யாருக்கும் தெரியாது. அவள் என்ன சொன்னாள் என்று ரசிகர்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டார்கள். புத்தகத்தில் பலூனைக் காலியாக விடலாம். படத்தில் வாயைத் திறந்தால் சத்தம் வந்தாக வேண்டும். என்ன சத்தம்? அதைத்தான் பலூன் எழுத வேண்டும். மற்ற எல்லா வசனமும் என்றைக்கோ முடிந்துவிட்டது.

அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டால் பத்து நாள் லீவு என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்தச் சந்தோஷத்தை வீட்டில் வந்து சொன்னதுதான் பலூன் செய்த தப்பு. மறுநாளே கூடத்து மூலையில் பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கின. பக்கத்திலேயே ஏணி.

"லீவுல சும்மாதானே இருக்கப் போறீங்க? ஒரு கோட்டிங் அடிச்சா வீடே பளிச்சுன்னு ஆயிடும்" என்றாள் மனைவி.

சும்மா இருக்கத்தான் மனுஷன் லீவே கேட்டது. அவர் நிஜமாகவே களைத்துப் போயிருந்தார். ராத்திரித் தூக்கத்தில் போகிற களைப்பில்லை அது. ஊரார் சண்டைக்கெல்லாம் வசனம் எழுதி, ஊரார் காதலுக்கெல்லாம் உருகி, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லாமல் போன களைப்பு. பத்து நாள் யாரும் எதுவும் பேசாமல் ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் போதும். அந்தக் கூரைக்கே பெயிண்ட் அடி என்றால்?

அதனால்தான் அந்தத் தீர்மானம். வரி வராது. வரவே வராது.

ஆபீஸில் அவர் இடம் தூணுக்குப் பின்னால். நல்ல ஏசி. கண்ணை மூடி உட்கார்ந்தால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவர் யோசிக்கிறார் என்று செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருநாள் குறட்டை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. "வில்லன் சிரிப்பைப் போட்டுப் பாத்தேன்" என்று சமாளித்தார். நன்றாக இருக்கிறது என்று அதையும் பதிவு செய்துகொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மட்டும் விசாரணை.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"இல்லம்மா. ஒரு வரி பாக்கி."

"வரி பாக்கின்னா போய்க் கட்டித் தொலைங்க. வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிடப் போறாங்க."

"அந்த வரி இல்ல. எழுதற வரி."

"ஒரு வரிக்கா ஒரு மாசம்?"

"அது மத்த வரி மாதிரி இல்ல. அதுவா வரணும்."

"வரணும், வரணும்னா எதுல வரணும்? பஸ்ல வருதா, நடந்து வருதா?"

இங்கே மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். இயந்திரம் ஓடவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவர்களை, தப்பு இயந்திரத்தின் மேல் இல்லை, சுவிட்சைப் போடாத தங்கள் மேல்தான் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, கடைசியில் நன்றியும் வாங்கிக்கொண்டுதான் போனை வைப்பாள். அப்பேர்ப்பட்டவளிடம்தான் பலூன் கதை விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "அப்படி என்னதான் கதை அது? சொல்லுங்க, கேப்போம்."

பலூன் சொன்னார். தொழில்காரர் இல்லையா, கையை வீசி, குரலை மாற்றி, சிறகன் பறந்தால் சோபாவிலிருந்து எழுந்து நின்று சொன்னார்.

"அவன் பொண்டாட்டி பேரு என்ன?"

"புத்தகத்துல பேரு கிடையாது. சிறகன் மனைவின்னு இருக்கும்."

"ஓ." இந்த ஓ-வை எங்கேயோ குறித்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. "அவ என்ன பண்றா?"

"ஜன்னல்கிட்ட நிக்கிறா."

"எவ்வளவு நேரமா?"

"கதை முழுக்க."

"கால் வலிக்காதா? அடுப்புல வெச்சது என்னத்துக்கு ஆகும்? சரி, மேல சொல்லுங்க."

"கடைசியா அவன் கிளம்பறான். சாகத்தான் போறோம்னு அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வாசல்ல நின்னு திரும்பிப் பாக்கறான். 'போகிறேன்'ங்கிறான்."

பாதி மடித்த போர்வை அவள் கையில் அப்படியே நின்றது.

"போறேன்னா சொல்றான்?"

"ஆமா."

"வெறும் போறேன்?"

"அதான் அந்தக் கட்டத்தோட விசேஷமே. அதுக்கு அவ ஏதோ சொல்றா. என்ன சொன்னான்னுதான் யாருக்கும்..."

"இதுக்கா ஒரு மாசம் உக்காந்திருக்கீங்க? 'போயிட்டு வரேன்னு சொல்லுங்க'ன்னு சொல்லியிருப்பா. வேற என்னத்தைச் சொல்லுவா?"

சொல்லிவிட்டு அவள் போர்வையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

பலூனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிறகன் பொய் பேசாதவன். வரேன் என்று அவனால் சொல்ல முடியாது. அது தெரிந்தே அவள் கேட்கிறாள். ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுப் போ என்கிறாள். இத்தனை வருஷம் எழுதியும் தன் கைக்கு வராத வரி, துணி மடிக்கிற சாக்கில் அவள் வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டது. பெருமையாக இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அடுத்த நிமிஷம் கூடத்து ஏணி கண்ணில் பட்டது. எல்லாம் வடிந்துவிட்டது.

"சுமாரா இருக்கு" என்றார்.

"சுமாரா இருந்தா எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க?"

"கொட்டாவி விட்டேன்."

"அப்ப இது வேணாமா?"

"வேணாம். இன்னும் யோசிக்கணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனில் பேசும் குரலில், தேன் ஒழுகச் சொன்னாள். "சரிங்க. உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

அந்தக் குரலைக் கேட்டபோதே பலூன் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கோட்டை விட்டார்.

மறுநாள் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடியதுதான் தாமதம், யாரோ கட்டிப் பிடித்தார்கள். டைரக்டர். எழுதிக் கொடுக்கிற வசனத்தில் பாதியை வெட்டித் தள்ளுவதால் கத்தரி என்று பேர் எடுத்தவர். அவர் கண் கலங்கியிருந்தது.

"பலூன் சார்! உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க."

"எதுக்கு?"

"'உங்க கம்பெனி வரி ஒண்ணு எங்க வீட்டுல கிடக்குது, எடுத்துக்கிறீங்களா'ன்னாங்க. சொன்னாங்க சார். எனக்குப் பேச்சே வரல. படம் வரையற பிள்ளைங்க எல்லாம் அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டிருக்குதுங்க. இந்தக் கத்தரிக்கே வெட்ட மனசு வரல சார்!"

பலூனுக்குக் காற்று இறங்கியது. ஆனாலும் அனுபவஸ்தர். சட்டென்று ஒரு யுக்தி தோன்றியது.

"அவசரப்படாதீங்க சார். அவ அப்படிக் கேட்டா இவன் பதில் சொல்லணுமே? 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டா வந்தே ஆகணும், பொய் பேசாதவன். வந்தா முடிவே மாறுது. முடிவு மாறினா முதல் காட்சியிலேர்ந்து எழுதணும். ஆறு மாசம்! நான் ரெடி சார். லீவெல்லாம் எனக்கு எதுக்கு?"

"அதையும் அம்மாகிட்டயே கேட்டுட்டேன் சார். 'பதில் வேணாம், கதவை மெதுவாச் சாத்திட்டுப் போகட்டும். வீட்டுல கேக்கற கேள்விக்கு எந்தப் புருஷன் பதில் சொல்றான்?'னாங்க. என்ன ஞானம் சார்! டைட்டில்ல உங்க பேருக்கு மேல அவங்க பேரு வருது."

"மேலயா?"

"ஆமா சார். அப்புறம், உங்க லீவு நாளையிலேர்ந்து. அதையும் அவங்களே கேட்டு வாங்கிட்டாங்க."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் இருந்த சாமானெல்லாம் நடுவில் குவிந்து பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பலூனின் கட்டில் நிமிர்ந்து சுவரில் சாய்ந்து நின்றது. வீட்டிலேயே அது ஒன்றுதான் இத்தனை நாள் அவருக்காகக் காத்துப் படுத்திருந்தது. அதுவும் எழுந்துவிட்டது.

காலையில் பலூன் இரண்டாவது தீர்மானத்துக்கு வந்தார். ஓடிவிடுவது. எங்கேயாவது ஒரு லாட்ஜ், ஒரு கூரை, பத்து நாள். இரண்டு சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மனைவி முக்காலி மேல் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இதுவரை யாருக்கோ எழுதிக் கொடுத்த வீரத்தையெல்லாம் திரட்டி, "போறேன்" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

பலூனின் கை கதவின் மேல் இருந்தது. சிறகன் மாதிரி ஒன்றும் பேசாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் புடவையிலும் முடியிலும் சுண்ணாம்புத் தூசி படிந்திருந்தது. குரல் போன் குரலாகவும் இல்லை. மாவீரனுக்கு வேண்டுமானால் அது முடியும். பலூனுக்கு நா எழுந்துவிட்டது.

"போயிட்டு... வரேன்."

அவள் முக்காலியில் இருந்தபடியே திரும்பிச் சிரித்தாள்.

"வரும்போது நாலு இஞ்ச் பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மூணு இஞ்ச்ல அடிச்சா சுவத்துல வரி விழும். இனிமே இந்த வீட்டுல ஒரு வரிகூட பாக்கி இருக்கக் கூடாது."