பொட்டு வைத்த கண்ணாடித் துண்டுகள்

பூனாகலை ரோடு,
பண்டாரவளை.
9.10.2003

பெருமதிப்பிற்குரிய மச்சான் வடமலை அவர்களுக்கு,

தங்கள் தங்கை நல்லம்மாவின் வீட்டுக்காரன் சின்னராசா எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் சுகமாயிருப்பீர்கள். போன மாதம் அனுப்பிய எண்ணெய் முழங்காலுக்குக் கேட்டதா என்று ஒரு வரி எழுதவும். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதீர்கள், கேட்காமலேயே சொல்லப்போகிறேன்.

மச்சான், நம் பிள்ளையின் படிப்பை நான் அழித்துவிட்டேன். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் ஃபோன் இருப்பது ஹாலில், ஹாலில் இருப்பது சிவசக்தி. லீவுக்கு வந்த பிள்ளை என் முகத்தைப் பார்த்து, “ஏம்பா ஒரு மாதிரி இருக்கீங்க, பிரஷரா?” என்று கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் இங்கிலாந்தில் டாக்டர் பட்டத்துக்குச் செய்கிற ஆராய்ச்சி தங்களுக்குத் தெரியும். பௌதிகவியல்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதே தாங்கள்தான், ஆகவே பாதிப் பழி தங்களுக்குச் சேரும். கண்ணாடியின் மேல் இந்தியம், வெள்ளீயம் என்ற உலோகங்களின் ஒட்சைட்டை மெல்லிசாகப் படிய வைக்கிறார்கள். படிந்தது கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி பழையபடி கண்ணாடியாகவே இருக்கும், ஆனால் கரண்ட் போகும். கல்குலேட்டரிலும் கைத்தொலைபேசியிலும் இருக்கிற திரை இதனால்தான் வேலை செய்கிறதாம். கரண்டை விடுகிற பொருள் வழக்கமாக வெளிச்சத்தை விடாது, வெளிச்சத்தை விடுகிறது கரண்டை விடாது. இது மட்டும் இரண்டையும் எப்படி விடுகிறது, உள்ளே கரண்டைச் சுமக்கிற இலத்திரன்கள் எந்தெந்தச் சக்தியில் குடியிருக்கின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. எக்ஸ்ரேயை அடித்து, வெளியே தெறிக்கிற இலத்திரன்களின் சக்தியை அளந்து, கோடு கோடாகப் படம் எடுப்பாளாம். இதையெல்லாம் அவள் எழுதிய கடிதங்களைப் பார்த்து மனப்பாடம் செய்து நான் ஊர் முழுக்கச் சொன்னதில், ஊருக்குப் புரிந்தது கரண்ட் என்ற ஒரே ஒரு சொல். பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா நேரே வாசலுக்கு வந்து, “தம்பி, பாப்பா கரண்டு ஆபீசுலயா இருக்கு? எங்க வீட்டு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, என்னன்னு ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்க” என்றாள். சிவசக்தியும் போய்ப் பல்பை முடுக்கிவிட்டு வந்தாள். இங்கிலாந்துப் படிப்புக்கு ஊரில் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் சாமான்களுக்குள் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. மூடியில் ‘தொடாதே’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே தபால்தலை அளவில் கண்ணாடித் துண்டுகள். திரும்பிப் போனதும் ஏதோ பெரிய இயந்திரத்தில் அளப்பதற்கு முறை கிடைத்திருக்கிறது என்றும், அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்ததாகவும் முன்பே எழுதியிருந்தாள். அளக்கப்போவது இந்தத் துண்டுகளைத்தான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கினோம், நல்லம்மாவின் தையல் மெஷினைத் துடைத்து வைத்தோம். பிள்ளை குளிக்கப் போயிருந்தாள். அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீ மேக்கராக இருந்த காலமெல்லாம் ஆயுத பூசைக்கு ரோலருக்கும் டிரையருக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் மறுநாள் ஒரு கொழுந்தைக்கூட உள்ளே விட்டதில்லை. பொட்டு வைத்ததால் நின்றுபோன மெஷினை இந்த ஊவா மாகாணத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? அப்படியிருக்க, பிள்ளையின் தொழிலுக்கு ஆதாரமான பொருள் பொட்டில்லாமல் மூலையில் கிடக்கலாமா? ‘தொடாதே’ என்பது வேற்று மனிதர்களுக்கு எழுதியது, சாமி காரியத்துக்கு அல்ல என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பெட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தேன். துண்டுகள் வரிசை கலையாமல் அப்படியே விழுந்தன. அதையே நல்ல சகுனம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சாம்பிராணிப் புகையும் தாராளமாகக் காட்டினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பூசை முடிந்ததும் துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கி மூடிவிட்டேன், பிள்ளை கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.

மறுநாள் இரகுநாதன் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வந்தவர் சும்மா இருக்காமல், “பிள்ளை, உந்த எக்ஸ்ரே எவ்வளவு ஆழத்துக்குப் பாக்கும்?” என்று கேட்டார்.

“எக்ஸ்ரே உள்ள போகும் சார். ஆனா வெளிய வர்ற இலத்திரன் மேல இருக்குற கொஞ்ச அணு அடுக்குலருந்துதான் வரும். ஒரு வெரல் பட்டுச்சுன்னா போதும், படத்துல தெரியுறதெல்லாம் வெரல் அழுக்குத்தான்.”

“அப்ப மூச்சு விட்டாலும் பழுதோ?”

“அதுக்குத்தான் காத்தே இல்லாத பெட்டிக்குள்ள வச்சு அளக்குறோம்.”

மாஸ்டர் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினார். என் கையிலிருந்த தேநீர் வேட்டியில் கொட்டியது. மூச்சுப் பட்டாலே பழுதாகிற பொருளுக்கு நான் சந்தனம் பூசி, குங்குமம் அப்பி, சாம்பிராணி போட்டிருக்கிறேனே மச்சான்! அந்த இயந்திரத்தில் வைத்தால் சரஸ்வதி பூசை முழுவதும் அல்லவா கோடு கோடாகத் தெரியும்?

பிள்ளை வெளியே போன நேரம் பார்த்து நல்லம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. “குத்துவெளக்கே புளி போட்டா பளபளன்னு ஆகுது, இது எம்மாத்திரம்? இங்க குடுங்க” என்று வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுப் பொட்டு வைத்த பக்கத்தைத் தேய்தேய் என்று தேய்த்து, அதே பக்கம் மேலே தெரிய வரிசையாக வைத்தாள். குங்குமம் போய்விட்டது. சாமியறை டோர்ச் பெட்டரியையும் பழைய ரேடியோவில் கழற்றிய சின்னச் சிவப்பு லைட்டையும் எடுத்து, கம்பி முனைகளைப் பொட்டு வைத்த இடத்திலேயே அழுத்திப் பார்த்தேன். எரியவில்லை. எல்லாத் துண்டையும் பார்த்தேன், ஒன்றுகூட எரியவில்லை. குங்குமத்தோடு கரண்டும் போய்விட்டது. அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன் மச்சான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அழுதால் ஆகுமா? கண் டொக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறி, சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற ஹுமைத் நானாவின் கடைக்குப் போனேன். இதே மாதிரி கண்ணாடி வேண்டும், ஆனால் கரண்ட் போக வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சேர், கரண்ட் போகாதெண்டுதானே கண்ணாடி. வெயில்ல வந்தீங்களா? இரிங்க, தண்ணி குடிங்க” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, எதுவாவது இருக்கட்டும் என்று அதே அளவில் வெறும் கண்ணாடியை வெட்டி வாங்கி வந்து பெட்டிக்குள் அடுக்கிவிட்டேன். அசல் துண்டுகள் கைக்குட்டைப் பொட்டலமாக என் கோட்டுப் பையில் இருக்கின்றன. நடக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் போட்டு மானத்தை வாங்குகின்றன.

இனி என்ன நடக்கும் என்று யோசித்தால் சோறு இறங்கவில்லை. பிள்ளை அங்கே போவாள், படம் படமாக எடுப்பாள், ஹுமைத் நானாவின் கண்ணாடியைத் தவிர ஒன்றும் தெரியாது. புரொபெசர் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிடுவார். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து நின்ற ஆளின் பேத்தி டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதே என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டு அனுப்பினேன். அவளுக்குக் குழி வெட்டியது அவர்கள் யாருமில்லை, அவளைப் பெற்ற நானேதான்.

ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அவள் கொழும்பில் தங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டு மெதுவாகச் சொல்லவும். என் பேரைச் சொல்ல வேண்டாம், எலி என்று சொல்லவும். எலி எப்படிப் பொட்டு வைத்தது என்று கேட்டால், அது தங்கள் சாமர்த்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் சின்னவனின் பரீட்சைக்கு என் ஆசீர்வாதம் உண்டு, ஆனால் அவன் புத்தகத்துக்கு நான் பொட்டு வைக்க மாட்டேன். எல்லோரும் நோய் நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க அந்தக் கதிர்காமத்தான் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத, முகம் காட்ட முடியாத,
சின்னராசா

பி.கு: மேலே உள்ளதில் விலாசத்தையும் திகதியையும் தவிர எதையும் நம்ப வேண்டாம். முத்திரை ஒட்டப் பசை தேடிக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். கிணுகிணு சத்தம் கேட்டு சிவசக்தி பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டாள்.

“பெட்டிக்குள்ள இருக்குறது கடைக் கண்ணாடிதானேப்பா? ஓரமெல்லாம் பச்சையா இருக்கு. நேத்தே பாத்தேன்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.

“அளக்கப் போறதெல்லாம் அங்கயே பூட்டி வச்சிருக்குப்பா. அதை யாராச்சும் பைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வருவாங்களா? அந்த லேபல் எங்க லேப்ல எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். இது சரிவராம ஒதுக்கி வச்ச துண்டு. நான் என்ன செய்யுறேன்னு ஒங்களுக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன். பூசையிலயே பாத்தேன், பொட்டு வச்சிருந்தீங்க. இப்பவாச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன். ஊருக்கெல்லாம் சொன்னீங்க, சாமிக்குக்கூடக் காட்டுனீங்க. இது என்னம்மான்னு எங்கிட்ட ஒரு தடவை கேக்கலியேப்பா.”

“காட்டும்மா” என்றேன் மச்சான்.

ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் போட்டாள். நான் பெட்டியைக் கவிழ்த்ததில் கரண்ட் போகிற பக்கம் கீழே போயிருக்கிறது, பொட்டு வைத்ததும் சோதித்ததும் வெறும் பக்கத்தில். கம்பி முனைகளை இந்தப் பக்கம் வைத்தாள், சிவப்பு லைட் எரிந்தது. அதை அப்படியே என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். லைட்டும் எரிந்தது, கண்ணாடி வழியாகப் பிள்ளையின் முகமும் தெரிந்தது. இன்னொரு தரம் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

எலி விஷயத்தைத் தாங்கள் மறந்துவிடவும். அவளை வழியனுப்ப நானும் கொழும்புக்கு வருகிறேன். ஒரு துண்டை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்லம்மா சந்தனக் கிண்ணத்தோடு வருகிற சத்தம் கேட்கிறது, மூடியிலிருந்த ‘தொடாதே’ லேபலை உரித்து என் துண்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.