மூன்று இஞ்சி வலையும் மகளின் முதல் பிறந்தநாளும்

மகளுக்கு ஊட்டும் பருப்புச் சோற்றின் சூட்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற தாய் நான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வாழ்க்கையில் ஒரேயொரு கேள்விக்குத்தான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் கடலில் இருந்த மீனெல்லாம் பிழைத்துக்கொண்டது.

கதிரவெளியில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (தகுதி: உயர்தரம் படித்தது, தெரிவு நடந்த அன்று கூட்டத்துக்குப் போகாதது.) சின்னக் கண் வலைகள் குஞ்சுகளையும் சேர்த்து வாருவதால் பெரிய மீன் அருகிவிட்டது, கொஞ்சம் பெரிய கண்ணுக்கு மாறுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மாறவில்லை. கடைசியில் என் மாமனார் எழும்பினார்.

"முதல்ல நான் போட்டுக் காட்டுறன். மீன் பட்டா நீங்களும் மாறணும்."

"பட்டா மாறுறம்," என்றார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மகளின் முதல் பிறந்தநாளன்று காலையில் அந்த வலையில் படும் மீனைத்தான் சங்கம் முழுவதுக்கும் பகல் சாப்பாட்டுக்குக் கறியாக்குவோம் என்று அறிவித்தேன். (கேட்டது யார்?)

வலை வாங்க மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போனேன். மூன்று இஞ்சிக் கண், அதாவது மூன்று அங்குலக் கண் வேண்டும் என்றேன்.

"இழுத்து மூணா, பக்கம் மூணா?" என்றார் கடைக்காரர்.

மீனவர்கள் கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளப்பார்கள். நான் படித்த கணிதத்தில் சதுரத்துக்குப் பக்கம் மட்டும்தான் உண்டு. மகள் வீரிட்டு அழுதாள். செயலாளர் தெரியாது என்று சொல்லலாமா?

"பக்கம்," என்றேன்.

பக்கம் மூன்று என்றால், இழுத்தால் ஆறு.

மாமா வலைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "புள்ள, என்ட கையே போய் வருது. சுறாவுக்குப் போடுற வலை மாதிரிக் கிடக்கு."

"சின்ன மீன் தப்பணும், மாமா. அதுக்குத்தான்." அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், பொறுமையாகக் கேட்டார்.

பிறந்தநாள் காலை. மாமி தேங்காய் துருவி, புளி கரைத்து, அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றிவிட்டார். சங்கம் முழுவதும் கரையில் நின்றது. தோணி வந்தது. வலையில் ஒரு திருக்கை கிடந்தது. கொழுத்த திருக்கைதான். ஆனால் ஒன்றே ஒன்று.

"மற்ற மீன், மாமா?"

"சின்னது தப்பிட்டு, புள்ள. பெரிசும் தப்பிட்டு. நடுவில நிண்டதும் அதுகளோடயே போயிட்டு."

பக்கத்து வளவு சிவராசா அண்ணன் ஒரு கண்ணை இழுத்து விரலால் அளந்தார். "செயலாளர், இது ஆறு இஞ்சி கா!"

கரை முழுவதும் சிரித்தது. என் மகளும் கை தட்டினாள்.

மாமிதான் முடிவெடுத்தார். "திருக்கை பால் குடுக்கிறவளுக்கு நல்லம். அவளுக்கே வறுத்துக் குடுப்பம்."

சங்கத்துக்குப் பருப்பும் முட்டைக் குழம்பும். அவர்கள் நடுவில் குனிந்த தலையோடு நான் மட்டும் திருக்கை வறை தின்றேன்.

"வலையில பிழை சொல்லாதீங்க," என்றார் சிவராசா அண்ணன், முட்டையைப் பிளந்தபடி. "ஆருக்குத் தேவையோ, அவக்கு மட்டும் மீன் பிடிச்சிருக்கு."

அடுத்த வலையை மாமாவே போய் வாங்கினார். (என்னைக் கூப்பிடவில்லை.) அதில் குஞ்சுகள் தப்பின, கறிக்கான மீன் பட்டது. இப்போது மூன்று தோணிகள் மாறிவிட்டன. மற்றவர்கள், "செயலாளர் கை வைக்காத வலையெண்டா யோசிக்கலாம்," என்கிறார்கள்.

என் வலையை என் வீட்டுக்காரர் கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டினார். கோழிக்குஞ்சுகள் அதன் கண்ணுக்குள்ளால் தாராளமாகப் புகுந்து கீரையைத் தின்கின்றன. தாய்க்கோழி வெளியே நின்று கத்துகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறார்.

"பாருங்க, மனிசி கூட்டத்தில சொன்ன மாதிரியே. சின்னது தப்புது, பெரிசு நிக்குது."