பதினேழாம் பக்கத்துக் கொலைகாரன்

“மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டு எக்ஸ்ரே அக்கா பொத்தானை அழுத்தினாள். படம் விழுந்தது. அடுத்து “விடுங்க” என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக ஒரு நாளும் தவறாமல் சொல்லி வந்த வார்த்தை. அன்று வாயில் வரவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த துப்பறியும் நாவலை, ஒரே ஒரு வரிதானே என்று நிமிர்த்தியதுதான் வினை.

பதினேழாம் பக்கம். ஓரத்தில் பென்சிலால் குண்டுகுண்டாக எழுதியிருந்தது: ‘கொன்றது டாக்டர்தான். சந்தேகமே வேண்டாம்.’

“அடப்பாவி!”

உள்ளே சட்டையில்லாமல் நின்றிருந்த மனிதர் ஆடிப்போனார். மூச்சைப் பிடித்துப் பிடித்து அவர் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது.

“என்னங்க, நெஞ்சுல ஏதாச்சும் இருக்கா?” என்றார், பாதி மூச்சில்.

“உங்க நெஞ்சுல ஒண்ணும் இல்ல. போய்ச் சட்டையப் போடுங்க.”

“மூச்சு விடலாங்களா?”

“விட்டுத் தொலைங்க!”

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்காக வைத்த பேர்தான். ஆனால் அவள் முறைத்தால் எலும்பு வரைக்கும் சுடும் என்பதால் பேர் நிலைத்துவிட்டது. கோபம் அவளுக்கு மூக்கின் நுனியில் இல்லை, மூக்குக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நடந்து போகும்.

இந்த மாதம் அவளுக்கு முக்கியமான மாதம். மருத்துவமனை ஊழியர்களுக்கென்று மாதாமாதம் ஒரு மடல் அச்சாகிறது. அதன் கடைசிப் பக்கத்தை மருந்துக் கடைக்காரர் இரண்டு வருடமாகத் தண்ணீர் குடிப்பதன் நன்மைகளைச் சொல்லியே நிரப்பிக்கொண்டிருந்தார். மடலைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனிடம் சண்டை போட்டு, அந்தப் பக்கத்தை அவள் பிடுங்கியிருந்தாள். தலைப்பும் அவளே வைத்தாள்: ‘இந்த மாதம் நான் படித்தவை’. ஐந்து புத்தகம், ஐந்துக்கும் பரிந்துரை.

“இருபத்தஞ்சாம் தேதி கைக்கு வரணும். வரலேன்னா பக்கம் மறுபடியும் தண்ணிக்குத்தான் போகும்” என்று மேட்ரன் சொல்லிவிட்டாள்.

முதல் புத்தகமே இப்படி. கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு மிச்சம் இருநூறு பக்கத்தை வைத்து என்ன செய்வது? பதினேழாம் பக்கத்தோடு மூடினாள். மாலையில் வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போய், நூலகர் முன்னால் புத்தகத்தைப் பொத்தென்று போட்டாள்.

நூலகர் அதிர்ந்து பேசாதவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பென்சில்தானே மேடம்? ரப்பர் தரேன், அழிச்சிட்டுப் படிங்க.”

“தாள்ல எழுதினத அழிச்சிடலாம். என் மண்டையில எழுதிட்டானே, அத எந்த ரப்பர வெச்சு அழிக்கறது?”

“யார்னு தெரியலியே மேடம்.”

“தெரியாதா? இங்க உக்காந்து நீங்க என்னதான் பண்றீங்க?”

பக்கத்து மேஜையில் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த பைண்டிங் அம்மா, இந்தச் சத்தத்தில் தூரிகையைக் கீழே போட்டுவிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, பக்கம் உதிர்ந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டிக் கொடுப்பவள். எக்ஸ்ரே அக்கா அவளையும் ஒரு முறை முறைத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு நாவலை உருவிக்கொண்டு கிளம்பினாள்.

அது முப்பதாம் பக்கத்தில் காலை வாரியது. ‘தங்கையின் கணவன். அந்த மீசையைப் பார்த்தாலே தெரியவில்லையா?’

பேருந்தில் உட்கார்ந்துதான் அதைப் படித்தாள். “மீசையாம் மீசை!” என்று அவள் பல்லைக் கடித்ததில், முன்சீட்டில் இருந்த மீசைக்காரர் ஒருவர் காரணம் தெரியாமல் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது புத்தகத்துக்கு உஷாரானாள். “இதுல ஒவ்வொரு பக்கமா நீங்களே பாருங்க. எழுதியிருந்தா அழிச்சிட்டு அப்புறம் எங்கிட்ட குடுங்க. நான் அந்தாண்ட திரும்பி நிக்கறேன்” என்றாள் நூலகரிடம்.

நியாயமான ஏற்பாடுதான். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். நூலகர் நிதானமாகப் புரட்டினார். பத்து நிமிடம் கழித்து, நல்லது செய்த திருப்தியோடு அவர் குரல் வந்தது.

“இதோ இருக்கு மேடம். ‘வக்கீலோட டிரைவர்’னு எழுதியிருக்கு. சுத்தமா அழிச்சிட்டேன்.”

எக்ஸ்ரே அக்கா சுவரிலேயே ஒருமுறை தலையை முட்டிக்கொண்டாள்.

அன்றே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினாள். ‘புத்தகத்தில் முடிவை எழுதி வைக்கும் ஜென்மத்துக்கு: உனக்கு வெட்கம், மானம் எதுவும் இல்லையா? அடுத்தவர் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போடுவதில் உனக்கென்ன லாபம்? ஆண்பிள்ளையாக இருந்தாலும் சரி, பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி, நேரில் வா.’

நேரில் யாரும் வரவில்லை. வாசகர்கள்தான் வந்தார்கள். “முடிவு எழுதி வெச்ச புத்தகமெல்லாம் இங்க கிடைக்குதாமே, எந்த அலமாரி?” என்று நூலகரைத் துளைத்தார்கள். முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு அது பெரிய வசதியாகப் பட்டது. துப்பறியும் நாவல் அலமாரி இரண்டே நாளில் பாதி காலியாகிவிட்டது.

“நீங்க விளம்பரம் பண்ணினதுல நல்ல கூட்டம் மேடம்” என்றார் நூலகர், நன்றியோடு.

“நான் விளம்பரமா பண்ணினேன்? திட்டினேன்யா! திட்டினேன்!”

நான்காவது புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவன் கையில் கொடுத்தாள். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிறவன். சூடான விஷயம் எதுவானாலும் ஆற வைத்துவிடுவான் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள்.

“ஏங்க, இத முழுசாப் புரட்டுங்க. ஓரத்துல பென்சில் எழுத்து இருந்தா மேல பிளாஸ்திரி ஒட்டுங்க. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மூஞ்சியிலகூடக் காட்டக்கூடாது.”

“சரிம்மா.”

ஒட்டினான். மறுநாள் முழுக்க அவள் கண்ணைப் பார்க்காமலே நடமாடினான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டான்.

“இப்ப எதுக்குப் பெருமூச்சு?”

“இல்லம்மா. குடும்பத்துக்குள்ளயே இப்படியான்னு...”

“வாய மூடுங்க!”

குடும்பத்துக்குள்ளேயா? அப்படியானால் யார்? நாற்பத்தோராம் பக்கத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. ஒரு நாள் பொறுத்தாள். அடுத்த நாள் மதியம், எக்ஸ்ரே அறையில் ஆளில்லாத நேரம். படம் பார்க்கும் விளக்குப் பெட்டி சும்மாதான் எரிந்துகொண்டிருந்தது. அவள் கை தானாகவே அந்தத் தாளை அதன்மேல் வைத்துப் பிடித்தது. மனித உடம்பையே ஊடுருவிப் பார்க்கிறவளுக்கு ஒரு பிளாஸ்திரி எம்மாத்திரம்? எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ‘தம்பி பெண்டாட்டி.’

வீட்டுக்குப் போன வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒத்த அடுக்குதானா ஒட்டுவீங்க? ரெண்டு அடுக்கு ஒட்டினா கை தேஞ்சா போயிடும்?”

“நீ விளக்குல வெச்சுப் பாப்பேன்னு நான் எங்கம்மா கண்டேன்?”

“பாப்பேன்னு உங்களுக்குத் தெரியணும்! இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இதுகூடத் தெரியலேன்னா எப்படி?”

அந்த வேகத்தில் அவளுக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. நூலக அட்டை இருவர் பேரிலும்தான் இருக்கிறது. ஒரு நோட்டையும் பென்சிலையும் கணவன் முன்னால் வைத்து, ‘கொன்றது டாக்டர்தான்’ என்று பதினைந்து தடவை எழுதச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் எழுதினான். எழுத்து ஒத்துப்போகவில்லை. அதற்காகவும் கோபப்பட்டாள். ஒத்துப்போயிருந்தால் ஆளாவது கிடைத்திருப்பான்.

ஐந்தாவது புத்தகத்தில் எட்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது: ‘தோட்டக்காரன். வேறு யார்?’ அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. அன்றைக்குத் தேதி இருபத்துநான்கு.

இருபத்தைந்தாம் தேதி காலை, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுரையை எழுதி முடித்தாள். ‘இந்த மாதம் ஐந்து நாவல்களைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஐந்தும் குப்பை. முதல் சில பக்கங்களிலேயே கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் நேரத்தை வீணடிக்க வேண்டாம்’ என்று ஆரம்பித்து, டாக்டர், தங்கையின் கணவன், டிரைவர், தம்பி மனைவி, தோட்டக்காரன் என்று ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் போட்டு உடைத்தாள். தனக்குக் கிடைக்காத சுகம் ஊரில் ஒருத்தருக்கும் கிடைக்கக் கூடாது.

மேட்ரன் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “அஞ்சையும் முழுசாப் படிச்சியா?”

“பின்ன? படிக்காமலா எழுதுவாங்க?”

“இதுல ரெண்டாவது, நான் நூத்திப் பத்தாம் பக்கத்துல இருக்கேன்டி!” மேட்ரனின் குரல் உடைந்தது. “அந்த மீசைக்காரனத்தான் நல்லவன்னு நெனச்சிட்டிருந்தேன். இனிமே எதுக்குப் படிக்கணும்? பக்கத்து வீட்ல இரவல் வாங்கினது, இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன்.”

மேட்ரனுக்கு வந்த கோபத்தைப் பார்த்ததும், அந்த மாதத்தில் முதல்முறையாக எக்ஸ்ரே அக்காவின் நெஞ்சு குளிர்ந்தது.

மடல் வெளிவந்தது. திட்டுவார்கள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். திட்டுவதற்குப் பதில் ஆச்சரியப்பட்டார்கள். “முதல் சில பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டியாக்கா?” என்று நர்சுகள் வாய் பிளந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் தன் காணாமல்போன சைக்கிளைப் பற்றித் தனியாக வந்து ஆலோசனை கேட்டார். தலைமை மருத்துவர் தாழ்வாரத்தில் நின்று, “உங்க மூளைக்கு நீங்க எக்ஸ்ரே ரூம்ல இருக்க வேண்டியவங்களே இல்ல” என்றார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ‘பாதிதான் படித்தேன்’ என்று இனிமேல் எப்படிச் சொல்வது? பாதிகூட இல்லை, ஐந்தும் சேர்ந்தே நூறு பக்கம் தேறாது.

மடல் நூலகத்துக்கும் போயிற்று. நூலகரே தொலைபேசியில் அழைத்தார். “சனிக்கிழம வாசகர் கூட்டம் மேடம். கொலைகாரன எப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கறதுன்னு நீங்க வந்து பேசணும்னு எல்லாரும் கேக்கறாங்க.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கூட்டத்துக்கு எல்லா வாசகர்களும் வருவார்கள். பென்சில்காரனும் வருவான். எல்லோர் முன்னாலும் வைத்து அவன் தோலை உரித்துவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மாலை, நூலகத்தின் வாசிப்பு அறையில் நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மேட்ரன், அவளுக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே அக்காவின் கணவன். எக்ஸ்ரே அக்கா ஐந்து புத்தகத்தையும் மேஜைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அஞ்சு புத்தகத்தையும் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அஞ்சுலயும் நான் சொன்னவன்தான் கொலைகாரன். ஒண்ணுகூடத் தப்பல.”

கைதட்டினார்கள். நூலகரும் தட்டினார். கணவன் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆனா இங்க ஒரு ஜென்மம் இருக்கு” என்று குரலை உயர்த்தினாள். “யாரோ ராத்திரி பகலா யோசிச்சு எழுதின கதையோட முடிவ, பென்சில எடுத்து ஓரத்துல கிறுக்கி வைக்குது. இது திருட்டு. அடுத்தவன் தட்டுல இருக்கறத எடுத்துத் தின்னுட்டு, எச்சிய வேற துப்பி வைக்கற வேலை. அந்த ஆள் இந்த ரூம்லதான் இருக்கணும். கொஞ்சமாச்சும் ரோஷம் இருந்தா எந்திரிச்சு நில்லு!”

வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால், கிழிந்த புத்தகக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

பசை காய்ந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே பைண்டிங் அம்மா எழுந்து நின்றாள்.

“நான்தாம்மா” என்றாள்.

“நீயா?” எக்ஸ்ரே அக்காவின் குரல் கூரையைத் தொட்டது. “புத்தகத்த ஒட்டற கையாலயே அதோட கழுத்த நெரிக்கிறியே, உனக்கு மனசு உறுத்தல? நீ முடிவ எழுதி வெச்சதால எத்தன பேரோட சந்தோஷம் போச்சு தெரியுமா?”

பைண்டிங் அம்மா மலங்க மலங்க விழித்தாள். எதற்காக இவ்வளவு கோபம் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

“அது முடிவில்லம்மா. பசை காயற நேரத்துல நாலு பக்கம் படிச்சிட்டு, யாரா இருக்கும்னு சும்மா நானே ஒரு ஆளக் குறிச்சு வெப்பேன். அப்புறம் கடைசிவரைக்கும் படிச்சுப் பாப்பேன். பதினோரு வருஷமா குறிக்கறேன், ஒண்ணுகூட இதுவரைக்கும் சரியா வந்ததில்ல.”